வீட்டுப் பாட்டு வண்டி ஏறிய கதை

கடலூரிலிருந்து சிதம்பரம் போக ஏறக்குறைய 45 கிலோமீட்டர். பழைய நகரைத் தாண்டினால் குடிகாடு, சிப்காட் ஆலைகள், ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர், வெள்ளாற்றுப் பாலம், அப்புறம் சிதம்பரம். பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் முன்னே பின்னே ஆகும். அந்த ஒரு மணி நேரத்தில் என்ன பாட்டு கேட்பது, அதை யார் முடிவு செய்வது? சின்னக் கேள்வி மாதிரித்தான் தெரியும். ஆனால் இதற்குப் பதில் சொல்ல உலகம் கிட்டத்தட்ட நூறு வருடம் மெனக்கெட்டிருக்கிறது. நடுவில் கோர்ட், கேஸ், கோடிக்கணக்கில் நஷ்ட ஈடு எல்லாம் வருகிறது.

ஆரம்பத்தில் பாட்டு நகரவே இல்லை. 1902-ல் கல்கத்தாவுக்கு வந்த கிராமபோன் கம்பெனிக்காரர்கள் கௌஹர் ஜானின் பாட்டைத் தட்டில் பதிந்தார்கள். ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம், அவ்வளவுதான். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து போய் ஊசியைத் தூக்கி வைக்க வேண்டும். சாவி கொடுக்க வேண்டும். கீழே விழுந்தால் தட்டு உடைந்துவிடும். இதைத் தூக்கிக்கொண்டு மாட்டு வண்டியில் போய்ப் பாட்டுக் கேட்பது நடக்கிற காரியமா? காரைக்குடியில் ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் குடும்பக் கடையில் இசைத்தட்டு விற்ற காலத்தில், தட்டு வாங்கியவர் அதைக் கேட்க வீட்டுக்குப் போயே ஆக வேண்டும்.

முதலில் நகர ஆரம்பித்தது ரேடியோதான். அமெரிக்காவில் பால் கால்வின் என்பவர் 1930-ல் தன் காரில் ஒரு ரேடியோவைப் பொருத்தி, அட்லாண்டிக் சிட்டியில் நடந்த ரேடியோ தயாரிப்பாளர்கள் மாநாட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனார். 'மோட்டார்' என்ற சொல்லோடு 'ஓலா'வை ஒட்ட வைத்து அவர் வைத்த பெயர்தான் மோட்டோரோலா. பிற்காலத்தில் செல்போன் விற்ற அதே மோட்டோரோலா! விலை 100 டாலருக்கு மேல். ஓட்டுனரின் கவனம் சிதறும், காரில் ரேடியோவைத் தடை செய்ய வேண்டும் என்று அப்போதே சில இடங்களில் குரல் எழுந்தது. வண்டி ஓட்டும்போது கையில் பிடிக்கிற தொலைத்தொடர்புக் கருவியைப் பயன்படுத்துவது அபாயகரமான ஓட்டுதல் என்று 2019-ல் இந்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் திருத்தம் வந்ததே, அந்தக் கவலை எவ்வளவு பழசு என்று பாருங்கள்.

தமிழ்நாட்டில் சென்னை வானொலி நிலையம் 1938 ஜூன் 16-ல், திருச்சி நிலையம் 1939 மே 16-ல் தொடங்கின. ரேடியோ வைத்திருக்க தபால் ஆபீசில் பணம் கட்டி லைசென்ஸ் எடுக்க வேண்டிய காலம் அது. அந்த வழக்கம் 1980களின் நடுப்பகுதி வரை நீடித்தது. ஆனால் ரேடியோவில் ஒரு குறை. பாட்டு உங்களோடு வரும், ஆனால் எந்தப் பாட்டு என்பது உங்கள் கையில் இல்லை. 1952-ல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர் சினிமாப் பாட்டு மட்டமானது என்று நினைத்தார். அகில இந்திய வானொலியில் அது குறைக்கப்பட்டது. ஜனங்கள் என்ன செய்தார்கள்? முள்ளைத் திருப்பி இலங்கை வானொலிக்குப் போய்விட்டார்கள்! கடற்கரை மாவட்டங்களில் கேட்கவே வேண்டாம், மயில்வாகனத்தின் குரலும் பின்னாளில் அப்துல் ஹமீதின் குரலும் வீட்டுக் குரல் மாதிரி ஆகிவிட்டன. டெல்லி இறங்கி வந்து 1957 அக்டோபரில் விவித் பாரதியைத் தொடங்கியது. கேட்பவர்கள் சத்தமே போடாமல் ஜெயித்த சண்டை இது.

நமக்குப் பிடித்த பாட்டையே வண்டியில் கேட்க வேண்டும் என்ற ஆசைக்கு முதல் முயற்சி 1956-ல் கிரைஸ்லர் கார்களில் வந்தது. டாஷ்போர்டுக்குக் கீழே இசைத்தட்டு இயந்திரம்! பீட்டர் கோல்ட்மார்க் என்ற பொறியாளர் இதற்கென்றே நிமிடத்துக்கு 16⅔ சுற்று சுற்றும் தட்டைச் செய்தார். வீட்டில் இருக்கும் தட்டு எதுவும் இதில் ஓடாது, தனியாக வாங்க வேண்டும். யார் வாங்குவார்கள்? சில வருடத்திலேயே கதை முடிந்தது. வீட்டில் உள்ள சரக்கு வண்டியில் செல்லாது என்றால் அந்த வியாபாரம் தேறாது என்ற பாடத்தைப் பிறகு வந்த பல கம்பெனிகள் மறுபடி மறுபடி காசு கட்டிப் படித்தன.

கேசட்தான் ஊரை மாற்றியது. 1963-ல் பிலிப்ஸ் நிறுவனம் பெர்லினில் காட்டிய அந்தச் சின்னப் பெட்டி வீட்டிலும் ஓடும், காரிலும் ஓடும், பஸ்ஸிலும் ஓடும். 1979-ல் சோனி வாக்மேன் வந்தபின் இடுப்பிலும் ஓடியது. வளைகுடாவிலிருந்து லீவில் வந்தவர்கள் டூ-இன்-ஒன் கொண்டுவந்தார்கள். சென்னை பர்மா பஜாரில் கார் ஸ்டீரியோ கிடைத்தது. 'அன்னக்கிளி' 1976-ல் வெளியானது. இளையராஜாவின் பாட்டும் கேசட்டும் கிட்டத்தட்ட கைகோர்த்துக்கொண்டு ஊருக்குள் நுழைந்தன என்று சொன்னால் தப்பில்லை.

அதைவிட முக்கியம் 'ரெக்கார்டிங் சென்டர்'. இன்றைக்கு இதைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். நோட்டுத் தாளில் வரிசை எண் போட்டுப் பாட்டுகளை எழுதிக்கொண்டு கடைக்குப் போவார்கள். 60 நிமிட கேசட் என்றால் பக்கத்துக்கு ஆறோ ஏழோ, மொத்தம் பன்னிரண்டு பதிமூன்று பாட்டு. கடைசிப் பாட்டு பாதியில் அறுந்துவிடக் கூடாது என்று கடைக்காரர் மனக்கணக்குப் போடுவார். இந்தப் பாட்டு வேண்டாம், இதே ராகத்தில் இன்னொன்று இருக்கிறது, போடட்டுமா என்று யோசனையும் சொல்வார். (பின்னாளில் கம்ப்யூட்டர் செய்த பரிந்துரையை அன்றைக்கே ஓர் ஆள் ஓசியில் செய்தார்!) இரண்டு நாள் கழித்து, அட்டையில் பேனாவால் எழுதின பட்டியலோடு கேசட் கைக்கு வரும். அதில் பெரும்பாலானது காப்புரிமைச் சட்டப்படி திருட்டுத்தான், சந்தேகமில்லை. ஆனால் தமிழ்நாட்டில் லட்சக்கணக்கானவர்கள் முதன்முதலாகத் 'தன்னுடைய' இசை நூலகம் என்று ஒன்றைச் சேர்த்தது இந்தக் கடைகளின் வாசலில்தான். தனியார் பஸ் டிரைவர்கள் தலைக்கு மேலே கேசட்டுகளை அடுக்கி வைத்திருப்பார்கள். பாட்டு நன்றாக இருக்கிற பஸ் என்று காத்திருந்து ஏறிய கூட்டம் உண்டு. இசைக்கென்று 1929 முதல் கல்லூரி இருக்கிற ஊர் சிதம்பரம், தமிழிசை மாநாடு 1941-ல் கூடியது அண்ணாமலை நகரில். ஆனாலும் அந்தச் சாலையில் பாட்டை முடிவு செய்தவர் பஸ் டிரைவர்தான் :-)

அடுத்த திருப்பம் ஜெர்மனியில். பிரவுன்ஹோபர் ஆய்வகத்தில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க்கும் அவருடைய குழுவும் பாட்டைச் சுருக்கும் முறையை வருடக்கணக்காகச் செதுக்கினார்கள். 1995-ல் அதற்கு எம்பி3 என்ற பின்னொட்டு கிடைத்தது. நொடிக்கு 128 கிலோபிட் வேகத்தில் பதிந்தால் ஒரு நிமிடப் பாட்டு கிட்டத்தட்ட ஒரு எம்.பி. ஒரே சிடியில் நூற்றைம்பது பாட்டு. 2001 அக்டோபரில் ஆப்பிள் நிறுவனம் ஆயிரம் பாட்டைப் பையில் போடலாம் என்று 5 ஜி.பி. ஐபாடைக் கொண்டுவந்தது.

ஆனால் அதற்கும் முன்னாலேயே ஒருவர் வேறு மாதிரி யோசித்துவிட்டார். பாட்டை எதற்குத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும்? அது இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும், போகிற இடத்தில் கேட்டால் போதாதா? மைக்கேல் ராபர்ட்சன் நடத்திய எம்பி3.காம் 2000 ஜனவரியில் ஒரு சேவை தொடங்கியது. உங்களிடம் இருக்கும் சிடியைக் கம்ப்யூட்டரில் ஒருமுறை போட்டுக் காட்ட வேண்டும். சிடி உங்களிடம் இருக்கிறது என்று உறுதியானதும், அந்த ஆல்பத்தை எந்த ஊரில் இருந்தாலும் இணையத்தில் கேட்கலாம். இதற்காக அவர்கள் பல்லாயிரம் சிடிக்களை வாங்கித் தங்கள் சர்வரில் பிரதி எடுத்து வைத்திருந்தார்கள்.

விஷயம் அங்கேதான் மாட்டிக்கொண்டது. கேட்பவர் காசு கொடுத்து சிடி வாங்கியவர்தான். கம்பெனியும் சிடியைக் கடையில் காசு கொடுத்துத்தான் வாங்கியது. ஆனால் பிரதி எடுக்கும் உரிமையை இருவருமே வாங்கவில்லை. யுனிவர்சல் உள்ளிட்ட இசை நிறுவனங்கள் வழக்குப் போட்டன. நியூயார்க்கில் நீதிபதி ஜெட் ரேக்காஃப் அதே வருடம் எம்பி3.காமுக்கு எதிராகத் தீர்ப்பளித்தார். 2000 நவம்பரில் யுனிவர்சலுக்கு மட்டும் 53.4 மில்லியன் டாலர் கொடுக்க வேண்டியதாயிற்று. இதில் உச்சம், 2001-ல் எம்பி3.காமையே யுனிவர்சலின் தாய் நிறுவனமான விவெண்டி வாங்கிவிட்டது! கணக்குப் புத்தகத்தில் எழுதினால் ஒரே ஆள் பற்றிலும் வரவிலும் வந்து நிற்பது மாதிரி. சட்டப்படி தீர்ப்பு சரியாகவே இருக்கலாம். ஆனால் வாங்கினவன் வாங்கின பாட்டைக் கேட்க வழி செய்ததற்கு அந்தத் தண்டனை கொஞ்சம் அதிகம்தான்.

மூன்றாவது ஆளின் சர்வர் ஆபத்து என்று தெரிந்துபோனது. அப்படியானால் சொந்த வீட்டுக் கம்ப்யூட்டரையே நிலையமாக்கினால்? வீட்டுக்குள் பாட்டு அனுப்பும் ஸ்லிம்சர்வர், வெளியூரிலிருந்தும் கேட்க உதவிய ஆர்ப், சப்சானிக் போன்ற மென்பொருட்கள் அந்தப் பத்தாண்டில் ஒவ்வொன்றாக வந்தன. 2008-ல் சிம்ப்ளிஃபை மீடியா, வீட்டு ஐடியூன்ஸ் பாட்டுகளை ஐபோனுக்கு அனுப்பியது. 2010-ல் கூகுள் அதை வாங்கிக்கொண்டது. அமெரிக்காவில் கார் ஓட்டிக்கொண்டே வீட்டு அலமாரியிலிருந்து பாட்டை இழுப்பது அதற்குள் நடக்க ஆரம்பித்திருந்தது.

இங்கே ஏன் நடக்கவில்லை? ஆசை இல்லாமல் இல்லை. கணக்கு இடித்தது. கடலூரிலிருந்து சிதம்பரம் வரை ஒரு மணி நேரம் 128 கிலோபிட்டில் கேட்டால் சுமார் 58 எம்.பி. அந்த நாளில் ஜி.பி.ஆர்.எஸ். கட்டணம் 10 கே.பி.க்கு 10 பைசா என்பது பரவலான விலை. அப்படிப் பார்த்தால் ஒரு பயணத்துக்குப் பாட்டுச் செலவு மட்டும் சுமார் 590 ரூபாய்! பஸ் டிக்கெட்டை நினைத்துப் பாருங்கள். அந்த விலை கொடுக்கத் தயாராக இருந்தாலும் ஜி.பி.ஆர்.எஸ். வேகம் 128 கிலோபிட்டுக்குப் பக்கத்திலேயே வராது. வீட்டுப் பக்கமும் இதே கதை. பி.எஸ்.என்.எல். 2005 ஜனவரியில் தொடங்கிய பிராட்பேண்ட் 256 கிலோபிட். அதுவும் டவுன்லோட் வேகம். ஏ.டி.எஸ்.எல். தொழில்நுட்பமே கீழே இறங்குவதற்கு அகலமாகவும் மேலே ஏற்றுவதற்குக் குறுகலாகவும் கட்டப்பட்டது. வீட்டிலிருந்து பாட்டு கிளம்ப வேண்டுமானால் அந்தக் குறுகல் வழியாகத்தான் வர வேண்டும். மாதம் 400 எம்.பி. திட்டம் என்றால் தினமும் போக வரக் கேட்கிறவருக்கு நாலாம் நாளே தீர்ந்துவிடும்.

இதையெல்லாம் தாண்டினாலும் கரண்ட் இருக்க வேண்டுமே! 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தபோது பல கிராமங்களுக்கு வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. அடுத்த வருடம் தமிழ்நாடு முழுக்கவே நீண்ட மின்வெட்டு. ஆள் சிதம்பரத்தில், கம்ப்யூட்டர் கடலூரில், கரண்ட் எங்கேயும் இல்லை என்ற நிலைமையில் எந்த சர்வர் பாடும்?

அதனால் ஊர் வேறு வழியைக் கண்டுபிடித்தது. ரெக்கார்டிங் சென்டர் இருந்த தெருவிலேயே செல்போன் கடைகள் 'மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தரப்படும்' என்று போர்டு மாட்டின. பதிமூன்று பாட்டுக்கு இரண்டு நாள் காத்திருந்த இடத்தில், பத்து நிமிடத்தில் ஐந்நூறு பாட்டு. காரில் சிகரெட் லைட்டர் துளையில் செருகும் எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர் வந்தது. பென்டிரைவைக் குத்தினால் கார் ரேடியோவிலேயே பாடும். சென்னையில் காலி அலைவரிசை தேடுவது பெரும்பாடு, கடலூர்ப் பக்கம் அந்தத் தொல்லை குறைவு. சட்டத்துக்கு இதுவும் ஆகாதுதான். ஆனால் கரண்ட் வேண்டாம், சிக்னல் வேண்டாம், மாத வாடகை வேண்டாம்.

2016 செப்டம்பர் 5-ல் ஜியோ வந்து டேட்டா விலையை உடைத்துப் போட்டது. இப்போது 58 எம்.பி. ஒரு காசே இல்லை. ஆனால் இதற்குள் வீட்டு நூலகம் என்ற எண்ணமே பலருக்குப் போய்விட்டது. ஆப்பில் எல்லாம் இருக்கிறதே, எதற்குச் சேர்க்க வேண்டும்? இருக்கிறதா என்றால், அதுவும் நிச்சயமில்லை. ஸ்பாட்டிஃபை 2019 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்தது. பழைய எச்.எம்.வி. பாட்டுகளுக்குச் சொந்தக்காரரான சரிகமாவோடு தகராறு, வழக்கு டெல்லி உயர்நீதிமன்றம் போனது. 2020 ஜூனில் ஒப்பந்தம் ஆகும்வரை அந்தப் பாட்டுகள் ஸ்பாட்டிஃபையில் இல்லை. தமிழின் பழைய சினிமாப் பாட்டில் பெரும்பங்கு எச்.எம்.வி. தட்டில் வந்தது என்பதை நினைத்தால் எவ்வளவு பெரிய ஓட்டை என்று புரியும். 2023 மார்ச்சில் ஜீ மியூசிக் பாட்டுகள் இதேபோல் அங்கிருந்து போயின. சொந்தப் பாட்டைப் பத்திரமாக ஏற்றி வைக்க கூகுள் 2011-ல் தொடங்கிய சேவை 50,000 பாட்டு வரை இடம் கொடுத்தது. 2020-ல் அதையும் மூடி, யூடியூப் மியூசிக்குக்கு மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள். அதே நிறுவனத்தின் வேறு வீடு, வாடகை வீடுதான்.

வீட்டு அலமாரி மட்டும் நிரந்தரமா என்று கேட்டால், கடலூர்க்காரர்களிடம் அந்தப் பேச்சு எடுபடாது. 2004 சுனாமி, 2011 தானே, 2015 வெள்ளம் என்று பார்த்த மாவட்டம் இது. சேறு புகுந்த கேசட் காய்ந்தாலும் பாடாது.

இன்றைக்கு பிளெக்ஸ்ஆம்ப், நாவிட்ரோம் மாதிரி மென்பொருட்கள் இருக்கின்றன. பைபர் இணைப்பில் மேலே ஏற்றும் வேகமும் கிடைக்கிறது. பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வீட்டு மூலையில் ஓட விட்டு, கிளம்பும் முன்பே பட்டியலைப் போட்டுவிட்டு வண்டியை எடுத்தால், குடிகாட்டைத் தாண்டும்போது அப்பாவின் பழைய கேசட்டிலிருந்து மாற்றின பாட்டு காரில் ஒலிக்கும். 2012-ல் திருத்தப்பட்ட காப்புரிமைச் சட்டம், சொந்த உபயோகத்துக்கான நியாயமான கையாளுகையை ஒலிப்பதிவுகளுக்கும் விரித்திருப்பதால், காசு கொடுத்து வாங்கின சிடியை இப்படிச் செய்கிறவருக்கு ராபர்ட்சனுக்கு இருந்த பயம் அவ்வளவாக இல்லை. செய்கிறவர்கள்தான் குறைவு. பஸ்ஸில் இன்னும் பென்டிரைவ்தான் ஓடுகிறது. எந்தப் பாட்டு என்பதை இன்னும் டிரைவரே முடிவு செய்கிறார்.