சுவிட்சைப் போடுவது யார்? அமெரிக்கக் கிராமத்து இணையக்காரர்களும் ஒரு ஒட்டுக்கேட்புச் சட்டமும்

சில வருடங்களுக்கு முன் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஒரு நண்பர் வீட்டில் பத்து நாள் தங்கியிருந்தேன். நாலு பக்கமும் மக்காச்சோள வயல். கூரையில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு ஆண்டெனா, இரண்டு மைல் தள்ளி நிற்கிற தானியக் குதிரின் உச்சியைப் பார்த்தபடி இருந்தது. "இதுதான் எங்க இன்டர்நெட். நடத்துறவர் பக்கத்து ஊர்க்காரர்தான். லைன் போச்சுன்னா அவருக்கே போன் போடுவோம், அவரே ஏணியோட வந்துடுவார்" என்றார் நண்பர்.

கண்ணில் பட்ட காகிதத்தையெல்லாம் படிக்கிற கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. அந்தச் சேவைக்கான ஒப்பந்தமும் கையில் அகப்பட்டது. நாலு பக்கம். குறைந்தபட்சம் ஒரு வருடம் சேவையில் இருக்க வேண்டும், ஆண்டெனா கம்பெனிக்குச் சொந்தம், மரம் வளர்ந்து சிக்னலை மறைத்தால் நாங்கள் பொறுப்பில்லை என்று வழக்கமான ஷரத்துகள். நடுவில் ஒன்று மட்டும் வேறு மாதிரி இருந்தது. சட்டப்படியான ஆணை வந்தால் உங்கள் தகவல்தொடர்பை அதிகாரிகளுக்குத் தருவோம், அதை உங்களிடம் சொல்ல மாட்டோம் என்பது அதன் சாரம்.

நண்பரிடம் காட்டினேன். அவர் படித்ததே இல்லையாம். "அவரா என்னை ஒட்டுக்கேட்பார்? ஞாயித்துக்கிழமை சேர்ந்து உட்கார்ந்து காபி குடிக்கிறோம்யா!" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏணியோடு வருகிற மனிதருக்கும் ஒட்டுக்கேட்புக்கும் என்ன சம்பந்தம் என்று தேடப் போனதில் கிடைத்த கதைதான் இது.

குதிர் உச்சியில் ஒரு தொழில்

அமெரிக்காவின் தகவல்தொடர்பு ஆணையம் எஃப்சிசி. 1985-ல் அது 900 மெகாஹெர்ட்ஸ், 2.4 கிகாஹெர்ட்ஸ், 5.8 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளில் சில பகுதிகளை, பரவல் அலைமுறைக் கருவிகள் உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. 1999-ல் 802.11பி என்ற வைஃபை தரநிலை வந்ததும் கருவிகளின் விலை சரிந்தது. பெரிய தொலைபேசிக் கம்பெனிகளும் கேபிள் கம்பெனிகளும் எட்டிப் பார்க்காத ஊர்களில், கொஞ்சம் கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள் தண்ணீர்த் தொட்டியிலும் குதிரிலும் ஆண்டெனா கட்டி இணையம் விற்கத் தொடங்கினார்கள். குதிர்க்காரருக்கு வாடகைக்குப் பதில் இலவச இணையம். சில நூறு வாடிக்கையாளர்கள், முதலாளியே பொறியாளர், அவரே பில் கலெக்டர். 2000-களின் நடுவில் இப்படிப்பட்டவர்கள் சேர்ந்து விஸ்பா என்று ஒரு சங்கமும் வைத்துக்கொண்டார்கள்.

இவர்கள் தலையில் வந்து விழுந்த சட்டம், இவர்களை நினைத்து எழுதப்பட்டதே இல்லை.

1994: என்ன பேரம் பேசினார்கள்?

பழைய தொலைபேசி நாட்களில் ஒட்டுக்கேட்பது எளிது. சம்பந்தப்பட்ட வீட்டுக்குப் போகிற செம்புக் கம்பி இரண்டிலும் கிளிப் மாட்டினால் போதும். டிஜிட்டல் எக்ஸ்சேஞ்சும் செல்போனும் கால் ஃபார்வர்டிங்கும் வந்த பிறகு அந்தக் கம்பி எங்கே என்றே தெரியவில்லை. நீதிபதி ஆணை கொடுத்தாலும் நிறைவேற்ற முடியவில்லை என்று எஃப்பிஐ முறையிட்டது. அன்றைய இயக்குநர் லூயி ஃப்ரீ நாடாளுமன்றத்தில் இதற்காக முட்டி மோதினார். விளைவு, 1994 அக்டோபர் 25 அன்று அதிபர் கிளின்டன் கையெழுத்திட்ட சட்டம். ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து 'கலியா' என்று கூப்பிடுவார்கள்.

இந்தச் சட்டம் ஒட்டுக்கேட்கப் புதிய அதிகாரம் எதையும் தரவில்லை. நீதிமன்ற ஆணை முன்போலவே வேண்டும். ஆனால் ஆணை வந்தால் நிறைவேற்ற வசதியாக உங்கள் வலையமைப்பை முதலிலேயே கட்டி வையுங்கள் என்றது. வீடு கட்டும்போதே போலீசுக்கு ஒரு கதவு வைத்துக் கட்டு என்கிற மாதிரி.

அதற்கு ஈடாக மூன்று விஷயங்களை விட்டுக்கொடுத்தார்கள். ஒன்று, பணம். பழைய கருவிகளை மாற்ற 50 கோடி டாலர் வரை அரசு தரலாம் என்று எழுதினார்கள். இரண்டு, 'தகவல் சேவைகள்' இந்தச் சட்டத்துக்குள் வராது. இணையம் தப்பித்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். சட்டத்தின் 105-ஆம் பிரிவு. கம்பெனியின் வளாகத்துக்குள் நடக்கிற ஒட்டுக்கேட்பு, நீதிமன்ற ஆணை அல்லது வேறு சட்டபூர்வ அனுமதி இருந்தால் மட்டும், அதுவும் கம்பெனியின் ஊழியர் ஒருவர் தன் கையால் செயல்படுத்தினால் மட்டுமே தொடங்க வேண்டும். அதிகாரிகள் தங்கள் அலுவலகத்தில் உட்கார்ந்தபடி தாங்களே சுவிட்சைத் தட்டிவிட முடியாது. நடுவில் ஒரு மூன்றாவது மனிதர் நின்று காகிதத்தைப் பார்த்தாக வேண்டும்.

2007: ஒரே சேவைக்கு இரண்டு பெயர்

2004 மார்ச்சில் நீதித்துறை, எஃப்பிஐ, போதைப்பொருள் தடுப்புத் துறை மூன்றும் சேர்ந்து எஃப்சிசியிடம் மனு கொடுத்தன. பழைய தொலைபேசியின் இடத்தை பிராட்பேண்ட் பிடித்துவிட்டது, அதையும் கலியாவுக்குள் கொண்டுவாருங்கள் என்றன. 2005 ஆகஸ்ட் 5 அன்று எஃப்சிசி சம்மதித்தது. வேடிக்கையைக் கேளுங்கள். அதே நாளில், அதே ஆணையம், தொலைபேசிக் கம்பி வழி வரும் பிராட்பேண்ட் ஒரு 'தகவல் சேவை' என்றும் அறிவித்தது. கட்டுப்பாடுகளிலிருந்து விடுவிக்க ஒரு பெயர், ஒட்டுக்கேட்க இன்னொரு பெயர்.

பல்கலைக்கழகங்களும் சிவில் உரிமை அமைப்புகளும் வழக்குப் போட்டன. 2006 ஜூன் 9 அன்று வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் எஃப்சிசி பக்கம் தீர்ப்புச் சொன்னது. இரண்டு சட்டங்களின் வரையறைகளும் வேறுவேறு, ஆகவே முரண்பாடு இல்லை என்பது பெரும்பான்மையின் வாதம். நீதிபதி ஹாரி எட்வர்ட்ஸ் மட்டும் ஒப்பவில்லை.

கெடு 2007 மே 14. அதற்கு இரண்டு மாதம் முன்பு, மார்ச்சில், கம்பியில்லா பிராட்பேண்டும் 'தகவல் சேவை'தான் என்று எஃப்சிசி அறிவித்தது. குதிர்க்காரர்களின் நிலையை யோசித்துப் பாருங்கள். மார்ச்சில் நீ தொலைபேசிக் கம்பெனி இல்லை என்கிறார்கள். மே மாதம் தொலைபேசிக் கம்பெனி மாதிரி ஒட்டுக்கேட்க வசதி செய்து வை என்கிறார்கள்.

இணையத்தை விலைக்கு வாங்கி வாடிக்கையாளருக்குத் திறந்துவிடும் காபிக் கடைக்கும் ஹோட்டலுக்கும் விலக்கு கிடைத்தது. சொந்தமாகக் கோபுரம் வைத்திருந்தவர்களுக்கு, எவ்வளவு சிறியவர்களானாலும், கிடைக்கவில்லை. 1995-க்குப் பிறகு போட்ட கருவிகளுக்குச் செலவு உன்னுடையது என்றும் 2006-ல் எஃப்சிசி சொல்லிவிட்டது. அந்த 50 கோடியில் இவர்களுக்கு ஒரு சல்லிக்காசு இல்லை. பிப்ரவரியில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். மார்ச்சில் பாதுகாப்புக் கொள்கை ஒன்றை எழுதிக் கொடுக்க வேண்டும். இரவு பகல் எந்நேரமும் கூப்பிடக்கூடிய ஒரு பொறுப்பாளரை அதில் காட்ட வேண்டும். வேறு யாரைக் காட்டுவார், தன்னைத்தான்! நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகும் நிறைவேற்றாவிட்டால் நாளொன்றுக்கு 10,000 டாலர் வரை அபராதம்.

தொழில்நுட்பச் சிக்கல் வேறு. சின்னக் கம்பெனிகள் பலவும் ஒரே பொது ஐபி முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுத்தன. வெளியிலிருந்து பார்த்தால் ஐம்பது வீடும் ஒரு வீடாகத் தெரியும். ஒரு வீட்டின் போக்குவரத்தை மட்டும் பிரித்து எடுக்க வேண்டுமானால் முகவரி மாறுவதற்கு முன்னால், வலையமைப்பின் உள்பக்கத்தில் பிடிக்க வேண்டும். மற்ற நாற்பத்தொன்பது வீடுகளின் ஒரு துணுக்கும் அதில் கலந்துவிடக் கூடாது. ஒட்டுக்கேட்கப்படுபவருக்குச் சேவையில் எந்த மாற்றமும் தெரியவும் கூடாது. ஏணியில் ஏறுகிறவருக்கு இதெல்லாம் புது வித்தை.

பூட்டை மலிவாக்கியவர்கள்

இந்த இடத்தில் அவர்கள் அழுதுகொண்டு உட்காரவில்லை. கலியாவின் 107-ஆம் பிரிவில் ஒரு வழி இருந்தது. ஒரு தொழில்துறைச் சங்கம் பொதுவில் வெளியிட்ட தரநிலையைப் பின்பற்றினால் சட்டத்தைப் பின்பற்றியதாகவே எடுத்துக்கொள்வார்கள். விஸ்பா சங்கம் தனக்கென்றே ஒரு தரநிலையை எழுதிக்கொண்டது. லாட்வியாவைச் சேர்ந்த மைக்ரோடிக் கம்பெனியின் ரௌட்டர்கள் இவர்களிடையே பிரபலம். அதன் மென்பொருளில் 'கலியா' என்ற பெயரிலேயே ஒரு கூடுதல் பொதி வந்தது. தனிக் கருவி வாங்கி வைத்துக் கட்டுப்படியாகாத வேலை, ஏற்கனவே கையில் இருக்கும் ரௌட்டரிலேயே முடிந்தது.

சின்ன ஆட்களின் சாமர்த்தியம் என்று முதலில் மகிழ்ந்தேன். பிறகுதான் உறைத்தது. செலவும் சிரமமும் கூட ஒரு காவல்தான். ஒட்டுக்கேட்பது கஷ்டமாக இருந்தவரை அதைக் கேட்கிறவர்களும் யோசித்துத்தான் கேட்டாக வேண்டும். அந்தக் காவல் 2007-ல் போய்விட்டது. யார் மேலும் குற்றமில்லை, தொழிலைக் காப்பாற்ற வேறு வழியில்லை. ஆனால் போனது போனதுதான். மிச்சம் இருந்தது 105-ஆம் பிரிவு சொன்ன அந்த ஒரு கை.

ஒப்பந்தம் எதற்கு?

அந்த ஒப்பந்தத்துக்கு இப்போது வருவோம். அமெரிக்கச் சட்டத்தில், தன் வலையமைப்பைப் பாதுகாக்கத் தேவையான அளவுக்கு மட்டும் சேவைக்காரர் உள்ளே பார்க்கலாம். அதற்கு மேல் பார்க்க நீதிமன்ற ஆணை வேண்டும், அல்லது வாடிக்கையாளரின் சம்மதம் வேண்டும். சம்மதம் எங்கே வாங்குவார்கள்? நாம் படிக்காமல் கையெழுத்துப் போடுகிற அந்தத் தாளில்தான்.

ஆகவே எழுதுகிறவருக்கு இரண்டு பக்கமும் பள்ளம். உங்கள் ரகசியத்தை எந்நாளும் காப்போம் என்று எழுதினால், ஆணை வருகிற நாளில் அது பொய்யாகும். எதையும் எப்போதும் பார்ப்போம் என்று எழுதினால், நீதிபதியே தேவையில்லாத சம்மதத்தை வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே பறித்த மாதிரி ஆகும். இரண்டாவதுதான் வக்கீலுக்குப் பாதுகாப்பாகத் தெரியும். கம்பெனிக்கும் செலவில்லை. வாடிக்கையாளருக்கு மட்டும்தான் நஷ்டம், அவருக்கு அது தெரியப் போவதும் இல்லை.

அந்தக் கை என்ன செய்யும்?

நியூயார்க்கில் கேலிக்ஸ் என்ற சின்ன இணையக் கம்பெனி நடத்தியவர் நிக்கலஸ் மெரில். 2004-ல் அவரிடம் எஃப்பிஐ கடிதம் ஒன்று வந்தது. கலியா அல்ல, தேசியப் பாதுகாப்புக் கடிதம் என்கிற வேறு வகை. நீதிபதியின் கையெழுத்து அதில் இல்லை. ஒரு வாடிக்கையாளரின் விவரங்களைக் கொடு, யாரிடமும் மூச்சு விடாதே என்றது. அவர் கொடுக்கவில்லை, வழக்குப் போட்டார். பெயரைச் சொல்லக்கூட அனுமதி இல்லாததால் வழக்கு 'ஜான் டோ' என்ற பொதுப்பெயரில் நடந்தது. 2006-ல் எஃப்பிஐ அந்தக் கோரிக்கையைக் கைவிட்டது. ஆனால் வாய்ப்பூட்டு 2010-ல்தான் ஓரளவு தளர்ந்தது. முழுதாக அவிழ்ந்தது 2015-ல். ஒரு காகிதத்தை உற்றுப் பார்த்துக் கேள்வி கேட்டதற்குப் பதினோரு வருடம்!

கை இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. கிரேக்க நாட்டின் வோடஃபோன் எக்ஸ்சேஞ்சுகளில், சட்டபூர்வ ஒட்டுக்கேட்புக்கு வைத்திருந்த மென்பொருளையே யாரோ ரகசியமாக இயக்கிவிட்டார்கள். பிரதமர் கோஸ்டாஸ் கரமன்லிஸ் உட்பட நூறு பேருக்கு மேல் மாதக்கணக்கில் ஒட்டுக்கேட்கப்பட்டார்கள். 2005 மார்ச்சில்தான் கம்பெனிக்கே தெரிந்தது. 2024 நவம்பரில் அமெரிக்க எஃப்பிஐ தானே ஓர் அறிக்கையில் ஒப்புக்கொண்டது: சீன அரசோடு தொடர்புடைய ஊடுருவிகள் பல தொலைத்தொடர்புக் கம்பெனிகளுக்குள் புகுந்து, நீதிமன்ற ஆணைப்படி நடந்த கோரிக்கைகள் தொடர்பான தகவல்களையும் நகல் எடுத்திருக்கிறார்கள். போலீசுக்கு வைத்த கதவு வழியாக யார் வேண்டுமானாலும் வரலாம் என்று 1994-லேயே எச்சரித்தவர்கள் இருந்தார்கள்.

நண்பர் வீட்டு ஒப்பந்தத்தை இன்றைக்கு மறுபடி படித்தால் மூன்று வரி தேடுவேன். நீதிபதி கையெழுத்திட்ட ஆணைக்கு மட்டும்தான் போக்குவரத்தைத் தருவோம் என்று இருக்கிறதா? ஆணை இல்லாத நாளில் பழுது பார்க்கத் தேவையானதற்கு மேல் பார்க்க மாட்டோம் என்று இருக்கிறதா? ரகசியக் கெடு முடிந்ததும் உங்களுக்குச் சொல்வோம் என்று இருக்கிறதா?

ஊருக்குத் திரும்பும் முன் ஒரு தடவை அந்த இணையக்காரரைப் பார்த்தேன். ஆண்டெனாவை லேசாகத் திருப்பிக்கொண்டிருந்தார். இதுவரை அப்படி ஏதாவது ஆணை வந்திருக்கிறதா என்று கேட்டேன். ஏணியின் நடுவில் நின்றபடியே சிரித்தார். "வந்திருந்தாலும் உங்ககிட்ட சொல்ல முடியாதே" என்றார். நண்பர் முகத்தில் அப்போதுதான் முதல் முறையாகச் சிரிப்பு மறைந்தது.