நல்ல விடுதலை

கிரேக்க மொழியில் எதற்கும் ஒரு வாழ்த்து உண்டு. வழியில் பார்த்தால் 'யா சூ', உனக்கு நலம். முடி வெட்டிக்கொண்டாலும் புதுச்சட்டை போட்டாலும் 'மே யா', நலத்தோடு. மாதப் பிறப்பில் 'நல்ல மாதம்'. கல்யாண வீட்டில் மணமாகாதவளைக் கண்டால் 'அடுத்து உன்னுடையது' என்ற பொருளில் ஒன்று. அவள் கருவுற்றுவிட்டால் 'கலி லெஃப்தெரியா'. அதாவது, நல்ல விடுதலை.

இந்தக் கடைசி வாழ்த்து என்னை நிறுத்திவிட்டது. சுகப்பிரசவம் ஆகட்டும் என்பதே அதன் பொருள். ஆனால் சொல் விடுதலை. 1821இல் ஒட்டோமான் ஆட்சிக்கு எதிராகக் கிரேக்கர்கள் எழுந்தபோது முழங்கிய 'விடுதலை அல்லது மரணம்' என்பதிலும் இதே சொல்தான். மருத்துவமனை இல்லாத காலத்தில் பிரசவ வலியில் கிடந்தவளுக்கும் அந்த இரண்டில் ஒன்றுதான் வாய்த்தது. குழந்தை பிறந்ததும் பெற்றோரிடம் சொல்வது 'உங்களுக்கு அது வாழட்டும்'. உறுதியில்லாததைத்தானே வாழ்த்தாகச் சொல்வோம்?

ஆணுக்கும் இதுபோல் ஒரு வாழ்த்து இருக்கிறது. கிரேக்கத்தில் கட்டாய ராணுவப் பணி ஆண்களுக்கு மட்டுமே. பணி முடித்து வருபவனிடம் 'கலோஸ் பொலீட்டிஸ்' என்பார்கள்: நல்ல குடிமகனாகு. இருவரும் ஒரு பாரத்தை இறக்கி வைக்கிறார்கள். அவன் படைமுகாமிலிருந்து குடியுரிமைக்குள் நடக்கிறான். அவள் எங்கே போகிறாள்?

நெடுங்காலம் அவளுக்குக் குடியுரிமையின் வாசல் திறக்கவில்லை. 1930இல் உள்ளாட்சித் தேர்தலில் மட்டும் வாக்குரிமை கிடைத்தது. அதுவும் முப்பது வயது கடந்த, எழுதப் படிக்கத் தெரிந்த பெண்களுக்கே. நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கவும் போட்டியிடவும் 1952 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மறு ஆண்டு தெசலோனிகியில் எலெனி ஸ்கூரா வென்று முதல் பெண் உறுப்பினரானார். வரதட்சணை முறையையும் கணவனே குடும்பத் தலைவன் என்ற சட்டத்தையும் நீக்கியது 1983இல்தான்.

ஆனாலும் இந்த வாழ்த்தை நான் தள்ளிவிட மாட்டேன். தாய்மையைப் புகழும் எத்தனையோ பாடல்கள் மறைக்கும் ஒன்றை அது மறைக்கவில்லை: பிரசவம் பெண்ணுடலின் உயிராபத்து, அதிலிருந்து அவள் மீண்டு வரவேண்டும். குழந்தைக்கு முன்னால் அவளை நினைக்கிறது அந்த வாழ்த்து. மீண்டு வந்தவள் எங்கே போவாள் என்பதை மட்டும் அது சொல்லவில்லை. அந்த வழியைப் பெண்கள் சட்டத்தோடு போராடித்தான் பெற்றார்கள்.