சிதை ஏறாத அரசி

கிள்ளானிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் தாய்நாடு சென்று மதுரையில் இரயிலை விட்டிறங்குவோர், நிலையத்தின் அருகே மங்கம்மாள் சத்திரம் என்னும் பெயரைக் காண்பர். மூட்டை முடிச்சுகளை எண்ணும் அவசரத்தில், அந்த மங்கம்மாள் யாவள் என்று கேட்பவர் சிலரே.

படைத்தலைவர் துபாகுல லிங்கம நாயக்கரின் மகள் அவள். மதுரை மன்னர் சொக்கநாத நாயக்கருக்கு வாழ்க்கைப்பட்டாள். 1682இல் கணவர் மாண்டார். கைம்பெண் உடன்கட்டை ஏறுவதே அரச குலத்துக்குப் புகழென எண்ணிய காலம் அது. அதற்கு ஏறக்குறைய முப்பதாண்டு பின்னரும், இராமநாதபுரத்துக் கிழவன் சேதுபதி இறந்தபோது மனைவியர் 47 பேர் தீயில் இறங்கினரென்று பாதிரியார் ஒருவர் எழுதி வைத்துள்ளார். மங்கம்மாளோ சிதை ஏற மறுத்தாள். மகன் அரங்க கிருஷ்ண முத்து வீரப்பர் சிறுவன். அவனை வளர்ப்பதே கடனென்று நின்றாள். சீர்திருத்தம் பேச வந்தவளல்லள் அவள். எனினும் அவள் உயிரோடிருந்ததே பெரிய மறுப்பன்றோ?

அம்மகனும் 1689இல் வைசூரியால் இறந்தான். மருமகள் முத்தம்மாள் அப்போது கருவுற்றிருந்தும் தீப்பாயத் துடித்தாள். மாமியார் மன்றாடிப் பிள்ளைப்பேறு வரையில் நிறுத்தி வைத்தாள். ஆண்மகவு பிறந்த சில நாளில் அவ்விளம்பெண் தன்னுயிரைத் தானே போக்கிக்கொண்டாள் என்பர். தான் மறுத்த சாவை மருமகள் நாடிச் சென்றதை அவள் எவ்வாறு பொறுத்தாளோ! போர்களை விரித்தெழுதும் சரித்திரக்காரர் இதனை ஓரிரு வரியில் கடந்து விடுகின்றனர்.

கைக்குழந்தையான பேரன் விஜயரங்க சொக்கநாதனுக்கு முடிசூட்டி, அவன் பெயரால் பதினாறு, பதினேழு ஆண்டுகள் ஆண்டாள். மொகலாயருக்குத் திறை கட்டி நாட்டைக் காத்தாள். 1697இல் திருவிதாங்கூரில் அவள் படை வென்றது. 1702இல் சேதுபதியோடு பொருதபோது தளவாய் நரசப்பையர் மடிந்தார். அவள் போட்ட சாலையும், அதன் ஓரத்து நிழல்மரங்களும், சத்திரங்களும் கன்னியாகுமரி வரையில் பெயர் பெற்றவை. தோட்டத்தில் செக்ரோல் எழுதிப் பழகிய எனக்கு, மண் சுமந்தவர் எத்தனை பேர், கூலி என்ன என்று கேட்கத் தோன்றுகிறது; ஆனால் சாலைக்கு அரசியின் பெயர்தான் நின்றது.

பேரன் வளர்ந்தபின் அவளைச் சிறையிட்டு, பசியால் மடியச் செய்தனர் என்பது மதுரையில் வழங்கும் கதை. அமைச்சர் அச்சையரோடு சேர்த்து அவதூறும் பேசினர். ஆளும் விதவைக்கு அக்காலத்தில் எளிதில் கிடைத்த கூலி அதுவே.

1732இல் பேரனும் பிள்ளையின்றி இறந்தான். அவன் மனைவி மீனாட்சியும் சிதை ஏறாது அரசேற்றாள். ஆனால் பாட்டிக்கிருந்த படைபலம் அவளுக்கில்லை. காப்பதாக ஆணையிட்ட சந்தா சாகிப் அவளைக் காவலில் வைத்து நாட்டைக் கவர்ந்தான். அவள் நஞ்சுண்டு மாண்டாள். மதுரை நாயக்கர் ஆட்சி அவளோடு முடிந்தது.