மார்பில் குத்தும் பூ

1918 நவம்பர் 9, சனிக்கிழமை. முதல் உலகப் போர் முடிய இன்னும் இரண்டே நாள். நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகக் கட்டடம் ஒன்றில், போர்முனைக்குத் தொண்டு செய்யப் புறப்படும் ஒய்.எம்.சி.ஏ. ஊழியர்களின் அலுவலகத்தில் மொய்னா மைக்கேல் என்ற ஆசிரியை வேலையாக இருந்தார். கைக்குக் கிடைத்த ஒரு மாத இதழைப் புரட்டியபோது ஜான் மெக்ரே எழுதிய கவிதை கண்ணில் பட்டது. பெல்ஜியத்துப் போர்க்களத்தில், கல்லறைச் சிலுவைகளுக்கு நடுவே பாப்பிப் பூக்கள் ஆடுவதைச் சொல்லும் கவிதை அது. படித்து முடித்தவர், இனி வாழ்நாள் முழுக்க ஒரு சிவப்புப் பாப்பியை அணிவது என்று அந்த இடத்திலேயே உறுதி எடுத்துக்கொண்டார். அங்கே கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள் அவருடைய உழைப்புக்கு நன்றியாகப் பத்து டாலர் கொடுத்தார்கள். அந்தப் பணத்தோடு கடை கடையாக ஏறி இறங்கினார். வானமேக்கர் கடையில் பட்டுத்துணியில் செய்த பாப்பிகள் கிடைத்தன. பெரியது ஒன்று தனக்கு, சிறியவை 24 மற்றவர்களுக்கு. போர்வீரர் நினைவாகச் சட்டையில் பூக் குத்தும் வழக்கம் இப்படித்தான் தொடங்கியது.

ஏன் பாப்பி? கசகசாச் செடியின் இனந்தான், ஆனால் கசகசா கொடுக்கும் செடி வேறு, ஐரோப்பிய வயல்களில் களையாக முளைக்கும் இந்தச் சிவப்புப் பாப்பி வேறு. இதன் விதை மண்ணுக்குள் பல ஆண்டுகள் உறங்கிக் கிடக்கும். மண் கிளறப்பட்டு வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும். பீரங்கிக் குண்டுகள் பெல்ஜியத்தின் பிளாண்டர்ஸ் பகுதியைப் புரட்டிப் போட்டன. சவக்குழிக்காகவும் பதுங்கு குழிக்காகவும் மனிதர்கள் தோண்டிக்கொண்டே இருந்தார்கள். வேறெதுவும் முளைக்காத அந்த மண்ணில் பாப்பி மட்டும் கொத்துக் கொத்தாகப் பூத்தது. கனடா நாட்டு இராணுவ மருத்துவரான மெக்ரே அதைக் கண்ணால் பார்த்தவர். 1915 மே மாதத் தொடக்கத்தில் அங்குள்ள ஈப்ர் நகருக்கு அருகே தன் நண்பர் அலெக்சிஸ் ஹெல்மரைப் பறிகொடுத்து, அடக்கமும் செய்துவிட்டு எழுதிய கவிதை அது. 1918 ஜனவரியில் அவரும் நிமோனியா கண்டு இறந்துபோனார். மொய்னா மைக்கேல் பூ வாங்கியது அவருக்குத் தெரியாது.

மொய்னாவின் பூ நினைவுக்கான பூ. அதைக் குடும்பங்களுக்குச் சோறு போடும் பூவாக்கியவர் அன்னா கெரேன் என்ற பிரெஞ்சுப் பெண்மணி. போர்க் காலத்தில் அமெரிக்காவெங்கும் பேசி நிதி திரட்டிப் பழகியவர். போரால் அழிந்த பிரான்சின் ஊர்களில் கணவனை இழந்த பெண்களும் தகப்பனை இழந்த பிள்ளைகளும் துணியில் பாப்பி செய்வது, நேச நாட்டு மக்கள் அதைக் காசு கொடுத்து வாங்கி அணிவது என்பது அவர் வகுத்த திட்டம். 1921இல் கனடா ஏற்றுக்கொண்டது. அடுத்து அவர் லண்டன் வந்து, அதே ஆண்டு தொடங்கப்பட்டிருந்த பிரிட்டிஷ் படைவீரர் சங்கத்தாரைச் சந்தித்தார்.

அன்றைய பிரிட்டனின் நிலை மோசம். வேலை இல்லாதவர்கள் இருபது லட்சத்தைத் தொட்டிருந்தார்கள். வாங்கிய பதக்கங்களை மார்பில் மாட்டிக்கொண்டு தெருமுனையில் தீப்பெட்டி விற்றார்கள் முன்னாள் வீரர்கள். வெற்றி விழாவில் கைதட்டிய ஊர்தான் அவர்களைக் கடந்து போய்க்கொண்டிருந்தது. 1921 நவம்பர் 11 அன்று முதல் பாப்பி நாள் நடந்தது. கொண்டுவந்த பூக்கள் தீர்ந்துபோயின. வசூலான தொகை 1,06,000 பவுனுக்கும் மேல். மக்களுக்கு மனம் இல்லாமல் இல்லை, கொடுக்க ஒரு வழி வேண்டியிருந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நம் பக்கத்திலும் இந்த எண்ணம் பழையதுதான். போரில் பட்டவனுக்கு நடுகல் எடுத்ததோடு நிற்காமல், அவன் குடும்பம் பிழைக்க நிலமும் விட்டு, அதை உதிரப்பட்டி என்று கல்லில் வெட்டி வைத்தார்கள். வணக்கமும் வாழ்வுக்கான வழியும் சேர்ந்தே கொடுக்கப்பட்டன. பாப்பியின் கதையில் என்னை மிகவும் ஈர்ப்பதும் இதே சேர்க்கைதான்.

பாப்பியில் அந்தச் சேர்க்கை முழுமை பெற்றது ஜார்ஜ் ஹௌசன் என்ற மேஜரின் கையில். போரில் ஊனமுற்றவர்களுக்காகச் சங்கம் ஒன்று நடத்தியவர் அவர். பூவைப் பிரான்சிலிருந்து வரவழைப்பதை விட, இங்கே கை கால் இழந்து வேலையின்றி இருப்பவர்களே செய்தால் என்ன என்று கேட்டார். 1922இல் லண்டன் ஓல்ட் கென்ட் சாலையை ஒட்டிய இடத்தில் ஐந்து பேரோடு பட்டறை தொடங்கியது. பெரிய வெற்றி கிடைக்கும் என்று அவருக்கே நம்பிக்கை இல்லை. இவர்களுக்கு ஒரு வாய்ப்பாவது கிடைக்கட்டும் என்றுதான் தன் பெற்றோருக்குக் கடிதம் எழுதினார். ஒரு கை மட்டுமே உள்ளவரும் இதழையும் தண்டையும் நடுப்பொட்டையும் பொருத்திவிடும்படி பூ வடிவமைக்கப்பட்டது. அழகுக்காக அல்ல, செய்பவரின் கைக்காக வடிவம் பெற்ற பூ! சில ஆண்டுகளில் பட்டறை ரிச்மண்டுக்குப் பெயர்ந்து தொழிற்சாலையானது. பக்கத்திலேயே தொழிலாளர்களுக்கு வீடுகளும் எழுந்தன.

நியூசிலாந்தும் பாப்பியை ஏற்றது. ஆனால் அங்கே பூ ஏற்றி வந்த கப்பல் 1921 நவம்பருக்குப் பிந்திவிட்டது. அதனால் அடுத்த ஏப்ரலில், அந்நாட்டுப் போர்வீரர் நினைவு நாளான ஆன்சாக் நாளை ஒட்டி விற்றார்கள். அங்கே இன்றும் ஏப்ரல்தான் பாப்பி மாதம்.

பிரிட்டிஷ் கொடி பறந்த நாடுகளுக்கெல்லாம் பாப்பி போனது. இலங்கைக்கும் போனது. கொழும்பில் நவம்பர் 11 வந்தால் பள்ளிப் பிள்ளைகள்கூடக் காசு கொடுத்துப் பாப்பி வாங்க வேண்டியிருந்தது. அந்தக் காசு பிரிட்டிஷ் வீரர்களின் நலனுக்குப் போனது. அதே போரில் பணியாற்றித் திரும்பிய இலங்கை வீரர்களோ வறுமையில் கிடந்தார்கள். அவர்களில் ஒருவர் ஏலியன் பெரேரா. எதிர்த்து ஊர்வலம் போவதை விட நல்ல வழி ஒன்றை அவர் கண்டார். 1931இல், அதே நவம்பர் 11 அன்று, பாப்பிக்குப் போட்டியாக சூரியமல் பூவை விற்கத் தொடங்கினார். சூரியமல் என்றால் வேறெதுவும் இல்லை, நம் பூவரசம்பூ. வேலியோரம் மஞ்சளாய் மலர்ந்து மாலைக்குள் சிவந்து வாடும் அதே பூ. வந்த பணம் உள்ளூரில் நலிந்த முன்னாள் படைவீரர்களுக்கு.

1933இல் டோரீன் யங் என்ற ஆங்கிலேய ஆசிரியை சிலோன் டெய்லி நியூஸ் நாளிதழில் 'பூக்களின் போர்' என்ற கட்டுரையை எழுதினார். தன் நாட்டு வீரன் பட்டினி கிடக்க, இலங்கைக் குழந்தை பிரிட்டிஷ் வீரனுக்குக் காசு கொடுக்க வேண்டுமா என்பது அவர் கேள்வி. ஆங்கிலேயர்கள் அவரைத் தூற்றினார்கள். இளைஞர் சங்கங்கள் பூவரசம்பூவைக் கையில் எடுத்தன. படைவீரர் நலத்துக்காகத் தொடங்கியது, ஏகாதிபத்தியத்துக்கும் போருக்கும் எதிரான இயக்கமாக வளர்ந்தது. 1934-35இல் மலேரியா கொள்ளை நோயாகப் பரவியபோது சூரியமல் இயக்கத்தார் கிராமங்களில் மருந்தும் உணவும் கொண்டு அலைந்தார்கள். 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி என்ற இடதுசாரிக் கட்சியைத் தொடங்கியவர்கள் இந்த வட்டத்திலிருந்து வந்தவர்கள். வரலாற்று நூல்கள் பெரும்பாலும் இந்தக் கட்சிக் கதையைத்தான் சொல்லும். எனக்கு முக்கியம், அதற்கு முந்தைய அந்த முன்னாள் வீரரின் கேள்வி. வீரனை மதிக்கிறோம் என்கிறீர்களே, உங்கள் கணக்கில் நான் இருக்கிறேனா?

இந்தியாவிலும் அதே கேள்வி உண்டு. முதல் உலகப் போரில் பத்து லட்சத்துக்கும் அதிகமான இந்தியர்கள் கடல் கடந்து பணியாற்றினார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது இந்தியப் படையில் சுமார் 25 லட்சம் பேர். போர் முடிந்ததும் லட்சக்கணக்கானோர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். ஓய்வூதியத்துக்குத் தேவையான சேவைக் காலம் அவர்களில் பெரும்பாலோருக்கு இல்லை. பிறகு சுதந்திரம், கூடவே காஷ்மீர்ப் போர். இந்தியாவிலும் பாப்பி நாள் வசூல் நடந்துவந்ததுதான். ஆனால் சுதந்திர நாடு இனியும் அந்த அந்நியப் பூவைக் குத்திக்கொண்டிருக்க முடியாது. 1949 ஆகஸ்ட் 28 அன்று பாதுகாப்பு அமைச்சரின் குழு ஒன்று முடிவெடுத்தது. ஆண்டுதோறும் டிசம்பர் 7 கொடிநாள். பூவின் இடத்தில் சிறு கொடி, அதில் தரைப்படைக்குச் சிவப்பு, கடற்படைக்குக் கருநீலம், விமானப்படைக்கு வெளிர்நீலம்.

கொடிநாள் நிதிக்கு மூன்று வேலை. போரில் காயம்பட்டவர்களின் மறுவாழ்வு, பணியில் இருப்பவர்கள் மற்றும் குடும்பங்களின் நலன், முன்னாள் படைவீரர்களின் நல்வாழ்வு. சிப்பாய்கள் பெரும்பாலும் முப்பதுகளிலும் நாற்பதுகளின் தொடக்கத்திலும் ஓய்வு பெற்றுவிடுகிறார்கள் என்பதை வெளியில் இருக்கும் நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் வயதில் தகப்பனுக்கு வேலை முடிந்துவிடுகிறது. 1993இல் பல நல நிதிகளை ஒன்றிணைத்து இன்றைய கொடிநாள் நிதி அமைந்தது. ஓய்வூதியம் இல்லாத, 65 வயது கடந்த முன்னாள் வீரருக்கும் அவருடைய விதவைக்கும் மாதாந்தர வறுமை உதவி அதிலிருந்து போகிறது. முதுகெலும்பு முறிந்து சக்கர நாற்காலியில் வாழும் வீரர்களைப் பராமரிக்கும் புனே கிர்க்கி மையத்துக்கும் மொகாலி மையத்துக்கும் அதிலிருந்து உதவி உண்டு.

தமிழ்நாட்டில் மாவட்ட ஆட்சியர் உண்டியலில் பணம் போட்டுத் தொடங்கிவைப்பார். துறைகளுக்கு இலக்கு வரும். பிறகு ஏதோ ஓர் அலுவலகக் கவுண்டரில், வேறு வேலைக்காகப் போனவர் கையில் ஒட்டுக்கொடி திணிக்கப்படும். எதற்கென்று யாரும் சொல்வதில்லை, இன்னொரு கட்டணம் என்று நினைத்து முகம் சுளித்தபடி கொடுத்துவிட்டு வருகிறோம். வசூல் ஆகிவிடுகிறது, வீரன் நினைவில் வருவதில்லை. எனக்கு இது வருத்தமளிக்கிறது. கொடியை நீட்டும்போது கிர்க்கியைப் பற்றி இரண்டு வரி சொன்னால் போதும், அதே பத்து ரூபாயை மனத்தோடு கொடுப்பார்கள். கவுண்டருக்குக் காத்திருக்க வேண்டியதும் இல்லை. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் எந்த மாதத்திலும் நேரில் கொடுத்து ரசீது வாங்கலாம்.

இதோடு இன்னொரு கணக்கும் வருகிறது. 2022இல் அறிவிக்கப்பட்ட அக்னிபாத் திட்டத்தில் சேர்பவர்கள் நான்கு ஆண்டு பணியாற்றுவார்கள். அவர்களில் அதிகபட்சம் 25 சதவீதம் பேர் படையில் நிரந்தரமாகத் தொடரலாம். மற்றவர்கள் சேவா நிதி என்ற ஒரே தொகையோடு, இருபதுகளிலேயே ஊர் திரும்புவார்கள். அவர்களுக்கு ஓய்வூதியம் கிடையாது, முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் திட்டத்தில் இல்லை. எனவே அவர்கள் நல அலுவலகத்தின் படியேறும்போது, கொடிநாள் நிதியில் தங்களுக்கு இடம் உண்டா என்று கேட்பார்கள். அரசு அதற்கு இப்போதே விதி எழுத வேண்டும்.