பன்னிரண்டு நாள் அவசரம்

கடற்கரைச் சாலையில் காலை நடைக்கு வரும் எங்கள் கூட்டத்தில் போன வாரம் ஒரு பேச்சு. மகளைப் பார்க்கப் பாரிசுக்கு டிக்கெட் போட்டிருந்த நண்பருக்குத் திடீரென்று நெஞ்சுவலி. டாக்டர் இப்போதைக்குப் பயணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். "டிக்கெட் பணம் திரும்ப வருமா?" என்று கேட்டார். பக்கத்தில் இருந்தவர் உடனே, "பிரெஞ்சு பாஸ்போர்ட் இருந்தா வரும். நமக்கு எங்கே வரும்?" என்றார்.

2020 வரை நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். அது தப்பு என்று தெரிந்துகொள்ள எனக்கு 73,000 ரூபாய் ஆனது.

இந்த நம்பிக்கை நம் ஊரில் வேர்விட்டதற்குக் காரணம் உண்டு. 1954 நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது. சட்டப்படி இணைப்பு முடிந்தது 1962 ஆகஸ்ட் 16-இல். ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டார்கள். அதனால் ஒரே தெருவில், சில குடும்பங்களில் ஒரே வீட்டில்கூட, இரண்டு பாஸ்போர்ட். பென்ஷன், படிப்பு, விசா எல்லாவற்றிலும் அந்த வித்தியாசத்தைப் பார்த்தே வளர்ந்தோம். டிக்கெட் பணமும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டோம்.

அந்தக் காலத்தில் விமான டிக்கெட் என்பது கையில் பிடிக்கிற சின்னப் புத்தகம். பயணம் நின்றுபோனால் பயன்படுத்தாத தாள்களைக் கிழிக்காமல் ஏஜென்டிடம் கொடுத்துவிட்டு, பணத்துக்கு மாதக்கணக்கில் நடப்போம். 2008 ஜூன் 1 முதல் உலகம் முழுக்க மின் டிக்கெட் வந்தது. புத்தகம் போனது, நடை போகவில்லை.

இனி என் கதை. 2020 ஏப்ரல் 4-ஆம் தேதி சென்னையிலிருந்து பாரிசுக்கு, எனக்கும் மனைவிக்கும் சேர்த்து 1,04,000 ரூபாய்க்கு டிக்கெட். ஓர் ஐரோப்பிய விமானக் கம்பெனி. பேரனின் ஞானஸ்நானத்துக்குப் போவதாக ஏற்பாடு. எதிர்வீட்டு சொல்தா அண்ணனும் அதே விமானத்தில் வருவதாக இருந்தது. அவர் பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர், பிரெஞ்சுக் குடிமகன்.

மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. எனக்குச் சர்க்கரை, மனைவிக்கு ஆஸ்துமா. இரண்டு இரவு தூக்கமில்லை. 14-ஆம் தேதி காலையில் ஏஜென்டுக்குப் போன் போட்டு, "கேன்சல் பண்ணிடுங்க" என்றேன். "கொஞ்சம் பொறுங்களேன், முசே" என்றார் அவர். நான் கேட்கவில்லை. சில வாரம் கழித்து 31,000 ரூபாய் வந்தது. அது பெரும்பாலும் வரிப் பணம். மற்றது போயிற்று.

அண்ணன் ஒன்றும் செய்யவில்லை. "வண்டி போகலேன்னா அவனே சொல்வான்" என்று உட்கார்ந்திருந்தார். மார்ச் 22 முதல் ஒரு வாரத்துக்குச் சர்வதேசப் பயணிகள் விமானங்களை இந்தியா நிறுத்தியது. மார்ச் 26-இல் அந்தத் தடை ஏப்ரல் 14 வரை நீண்டது. எங்கள் விமானமும் ரத்தானது. நான் ரத்து செய்து சரியாகப் பன்னிரண்டு நாள்.

கம்பெனி முதலில் அண்ணனுக்குப் பணம் தரவில்லை. பிறகு பயணம் செய்துகொள்ளலாம் என்று ஒரு வவுச்சர் அனுப்பியது. பாரிசில் இருக்கும் அவர் மகள் அதை ஏற்காமல், பணம்தான் வேண்டும் என்று எழுதினாள். செப்டம்பரில் முழுத்தொகையும் வந்து சேர்ந்தது.

"பார்த்தியா, அவர் பிரெஞ்சுக்காரர்" என்றாள் என் மனைவி. எனக்கும் மனசுக்குள் அதே புழுக்கம். லாக்டவுனில் வேறு வேலை இல்லாததால் விதிகளைத் தேடிப் படித்தேன். அப்போதுதான் கண் திறந்தது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2005 பிப்ரவரி 17 முதல் அமலில் இருக்கும் 261 எண் விதி பாஸ்போர்ட்டைப் பார்ப்பதே இல்லை. விமானம் எங்கிருந்து புறப்படுகிறது, கம்பெனி யாருடையது என்றுதான் பார்க்கிறது. ஐரோப்பாவிலிருந்து புறப்படும் எந்த விமானத்துக்கும் அது பொருந்தும். ஐரோப்பியக் கம்பெனி என்றால் இங்கிருந்து அங்கே போகும் விமானத்துக்கும் பொருந்தும். கம்பெனி ரத்து செய்தால் ஏழு நாளில் பணம் தரவேண்டும். பயணி எழுதிச் சம்மதித்தால்தான் வவுச்சர். தொற்றுக் காலத்தில் ஏழு நாள் ஏழு மாதமானது வேறு விஷயம். ஆனால் என் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கும் அதே உரிமைதான் இருந்தது. நானாக ரத்து செய்தபோது அதைக் கைவிட்டுவிட்டேன். பயந்து தானே ரத்து செய்பவருக்கு அந்த விதியில் இடமில்லை என்பதை ஐரோப்பிய ஆணையமும் 2020 மார்ச் 18-இல் தெளிவாகச் சொல்லியிருந்தது.

நம் நாட்டிலும் அதே கதைதான். லாக்டவுனில் சிக்கிய டிக்கெட் பணத்துக்காகப் பிரவாசி லீகல் செல் என்ற அமைப்பு உச்ச நீதிமன்றம் போனது. 2020 அக்டோபர் 1-இல் தீர்ப்பு வந்தது. மார்ச் 25 முதல் மே 24 வரையிலான லாக்டவுனில் பதிவு செய்து, அந்த நாட்களிலேயே பயணம் இருந்தால் முழுப் பணம். மற்றவற்றுக்குப் பதினைந்து நாளில் திருப்பித் தர முயலவேண்டும். முடியாத கம்பெனி 2021 மார்ச் 31 வரை செல்லும் வரவு வைக்கவேண்டும், அதுவும் மாதாமாதம் கொஞ்சம் கூட்டி. ஆவலோடு ஏஜென்டைக் கேட்டேன். "லாக்டவுனுக்கு முன்னாடி நீங்களா ரத்து பண்ணினது இதுல வராது, முசே" என்றார்.

யோசித்தால் விசித்திரம்தான். நோய்க்குப் பயந்து முன்கூட்டியே ஒதுங்கியவனுக்கு நஷ்டம். கடைசி வரை அசையாமல் இருந்தவருக்கு முழுப் பணம். உடம்பைப் பற்றிய கவலை எந்த விதியிலும் கணக்கில் வரவில்லை.

நெஞ்சுவலி நண்பரிடம் உள்ளதைச் சொன்னேன். அவர் விமானம் போகத்தான் போகிறது. அதனால் முழுப் பணம் உரிமையாகக் கிடைக்காது. டாக்டர் சான்றிதழை வைத்துத் தேதி மாற்றமோ தள்ளுபடியோ கேட்கலாம். அது கம்பெனியின் தயவு. வரிப் பணத்தை மட்டும் விடவேண்டாம், கேட்டு வாங்கவேண்டும். விமானம் கிளம்பும் முன்பே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் போகாமல் இருந்துவிட்டால் உள்ளதும் போகலாம். ஊரே அடங்கும் அளவுக்கு ஏதாவது வந்தால் மட்டும் அண்ணன் மாதிரி பொறுத்திருக்கலாம்.

அந்த ஏப்ரலில் பயணத்தைக் கைவிட்டதற்கு நான் இன்றுவரை வருத்தப்பட்டதில்லை. போகாமல் வீட்டில் இருப்பதற்கு அன்றைக்கே போன் போடத் தேவையில்லை என்பதுதான் எனக்குத் தெரியாமல் போனது. பேரனை 2022-இல் போய்ப் பார்த்தோம். அண்ணனும் கூட வந்தார்.