உருகாமல் ஒன்றான இரும்பு

தில்லி மெஹ்ரௌலியில், குதுப் மினாரின் அருகே, பழைய பள்ளிவாசல் முற்றத்தில் நிற்கும் இரும்புத் தூணைப் பற்றிப் பேச்செழுந்தால் முதலில் வரும் கேள்வி ஒன்றுதான்: பதினாறு நூற்றாண்டுகளாக அது ஏன் துருப்பிடிக்கவில்லை? அக்கேள்விக்கு ஏறத்தாழ விடை கிடைத்துவிட்டது. 1912-இல் ராபர்ட் ஹாட்ஃபீல்டு என்னும் ஆங்கிலேய உலோகவியலாளர் தூணின் துணுக்கு ஒன்றைப் பகுத்தாய்ந்து, அதில் பாஸ்பரஸ் 0.114 விழுக்காடு இருப்பதைக் கண்டார். இன்றைய எஃகில் இருப்பதைவிட இது பன்மடங்கு அதிகம். அந்தப் பாஸ்பரஸ் இரும்பின் மேல் ஒட்டிக்கொள்ளும் ஒரு காப்புப் படலத்தை உருவாக்கத் துணைசெய்கிறது என்பதைக் கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியர் ஆர். பாலசுப்பிரமணியம் விரிவாக எழுதினார். துருவே இல்லை என்பதும் முழு உண்மையன்று. 1961-இல் அடிப்பகுதியைத் தோண்டிப் பார்த்தபோது மண்ணுக்குள் புதைந்திருந்த பகுதியில் துரு தடித்துப் படிந்திருந்தது.

துருவைப் பற்றிய வியப்பு, அதைவிடக் கடினமான மற்றொரு கேள்வியை மறைத்துவிட்டது. ஏழு மீட்டருக்கு மேல் உயரமும் ஆறு டன்னுக்கு மேல் எடையும் கொண்ட அந்த இரும்பு எப்படி ஒரே உடலாயிற்று?

வார்த்து ஊற்றினார்கள் என்பதே பலரும் எண்ணிக்கொள்ளும் விடை. அது தவறு. இரும்பு உருக 1538 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். மரக்கரியும் துருத்தியும் கொண்டு இயங்கிய அக்கால உலைகள் அந்த வெப்பத்தை எட்டவில்லை. அவற்றில் தாது உருகாமலே இரும்பாக மாறியது. கசடு மட்டும் உருகி வழிந்தது. எஞ்சியது கடற்பஞ்சு போலத் துளைகள் நிறைந்த ஓர் இரும்புக் கட்டி. அதைச் சூட்டோடு அடித்து அடித்து உள்ளிருக்கும் கசடைப் பிழிந்தெடுத்தால் தேனிரும்பு கிடைக்கும். பாலசுப்பிரமணியத்தின் கணிப்பில் இந்தத் தூணுக்குப் பயன்பட்ட கட்டி ஒவ்வொன்றும் இருபது முதல் முப்பது கிலோ எடை கொண்டது. வகுத்துப் பார்த்தாலே போதும்: இருநூறுக்கும் மேற்பட்ட தனித்தனி இரும்புத் துண்டுகள் ஒன்றாக்கப்பட்டிருக்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நிலவியலாளர் வாலன்டைன் பால், சில ஆண்டுகளுக்கு முன்புவரை உலகின் மிகப் பெரிய வார்ப்பாலைகளாலும் இத்தகைய தூணைச் செய்திருக்க முடியாது என்ற பொருளில் எழுதினார். பாராட்டு பெரிதுதான். ஆயினும் அவர் ஒப்பிட எடுத்துக்கொண்டது வார்ப்பாலையை. தூண் பிறந்ததோ கொல்லன் பட்டறையில்.

இரண்டு இரும்புத் துண்டுகளை உருக்காமல் ஒன்றாக்குவது கொள்கையளவில் எளிது. தூய உலோகப் பரப்பு இரண்டு, இடையில் எதுவும் இல்லாமல் நெருங்கித் தொட்டால் அணுக்கள் தாமே பிணைந்துகொள்ளும். ஆனால் காற்றுள்ள உலகில் தூய இரும்புப் பரப்பு என்று ஒன்று நிலைப்பதில்லை. ஆக்ஸைடு என்னும் மெல்லிய தோல் உடனே போர்த்திவிடுகிறது. இரும்பைச் சுடச்சுட அத்தோலும் தடிக்கிறது. ஒட்டவேண்டிய இரண்டுக்கும் நடுவே நிற்கும் பகை அதுதான்.

கொல்லர்கள் அந்தப் பகையை வென்ற முறை நுட்பமானது. வெண்சூடு ஏறிய இரும்பின் மேல் மணலைத் தூவினால், மணலிலுள்ள சிலிக்கா ஆக்ஸைடோடு கூடி, இரும்பு உருகும் வெப்பத்துக்கு வெகு கீழேயே உருகிவிடும் கசடாக மாறுகிறது. சம்மட்டி அடி விழும்போது அந்தத் திரவக் கசடு பொறியாகத் தெறித்து வெளியேறுகிறது; உள்ளே தூய இரும்பு தூய இரும்பைத் தொடுகிறது. பழைய தேனிரும்பில் கசடு இழையிழையாகக் கலந்தே இருந்ததால் மணலின் வேலையில் ஒரு பகுதியை அதுவே செய்தது. சூடு குறைந்தால் கசடு உறைந்து உள்ளே சிக்கும். மிகுந்தால் இரும்பே எரியும். உலையிலிருந்து எடுத்த சில நொடிகளுக்குள் அடி விழ வேண்டும். வெப்பமானி இல்லாத காலத்தில் இதற்கெல்லாம் அளவுகோல் இரும்பின் நிறமும் கொல்லனின் கண்ணுமே.

அரிவாள் முனைக்கு எஃகு வைக்கும் கொல்லர் இதை அன்றாடம் செய்தவரே. தூணில் புதிதாக இருந்தது அளவு. டன் கணக்கில் எடையேறிய ஓர் உடலை ஒவ்வொரு முறையும் சுட வேண்டும், திருப்ப வேண்டும், பிடித்துக்கொள்ள வேண்டும். தூணைக் கிடையாக வைத்து, சேர்க்கவேண்டிய பக்கத்தை மட்டும் சூடேற்றி, புதிய கட்டியை அதன்மேல் வைத்துப் பலர் சேர்ந்து அடித்து வளர்த்திருக்க வேண்டும் என்பது பாலசுப்பிரமணியத்தின் மீட்டுருவாக்கம். இருநூறு முறைக்கு மேல் அச்செயல் பிழையின்றி நிகழ்ந்திருக்கிறது. அதன் உறுதிக்குச் சான்று ஒன்றும் தூணிலேயே உண்டு. ஏறத்தாழ நான்கு மீட்டர் உயரத்தில் பீரங்கிக் குண்டு மோதிய தடம் இருக்கிறது. 1739-இல் நாதிர் ஷாவின் படையெடுப்போடு அதை இணைத்துச் சொல்வதுண்டு. தூண் ஒடியவில்லை.

எல்லா இணைப்பும் இவ்வளவு செம்மையாக அமைந்துவிடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கொணார்க் சூரியக் கோயிலின் இரும்பு உத்திரங்களில் மிக நீளமானது பத்து மீட்டரைத் தாண்டுகிறது. உடைந்த உத்திரங்களின் உட்புறத்தில் துண்டுகளுக்கிடையே முழுமையாகப் பற்றாத இடைவெளிகள் தெரிகின்றன. அடி மேற்புறத்தில் பலமாக விழுந்து நடுவரை எட்டாமல் போயிருக்கிறது. மத்தியப் பிரதேசத்தின் தார் நகரிலுள்ள தூண் தில்லித் தூணைவிட நீளமானது. பதின்மூன்று மீட்டர், எடை ஏழு டன் அளவில். இன்று அது மூன்று துண்டுகளாகக் கிடக்கிறது. பதினேழாம் நூற்றாண்டில் இதே கலை போர்க்களத்துக்குப் போயிற்று. தஞ்சாவூர் பீரங்கி மேட்டில் இருக்கும் பெரும் பீரங்கி வார்த்ததன்று. நீண்ட இரும்புப் பட்டைகளைக் குழலாக அடுக்கி, வளையங்களைச் சூட்டோடு ஏற்றி இறுக்கி, அடித்துப் பற்றவைத்தது. அதன் எடை 22 டன் என்று கணக்கிடப்படுகிறது.

தில்லித் தூணின் கல்வெட்டு சந்திரன் என்னும் அரசனின் வெற்றிகளைப் பாடுகிறது. அவன் இரண்டாம் சந்திரகுப்தன் என்பது பெரும்பாலோர் கொள்கை. விஷ்ணுபதம் என்னும் குன்றில் விஷ்ணுவுக்கு எடுத்த கொடித்தூண் என்றும் சொல்கிறது. அதைச் செய்தவரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அத்தகைய உலைகளைப் பிற்காலம்வரை எரித்துவந்தோரில் மத்திய இந்தியாவின் அகரியாக்களும் அடங்குவர். பிரித்தானிய ஆட்சியில் கப்பலில் வந்த மலிவான இரும்பும், மரக்கரிக்குக் காட்டை மூடிய வனச் சட்டங்களும் அவ்வுலைகளை அணைத்தன. வெரியர் எல்வின் 1942-இல் அகரியாக்களைப் பற்றி நூல் எழுதியபோது அத்தொழில் மங்கிக்கொண்டிருந்தது.

உருக்காமல் இணைக்கும் முறை தொழிற்சாலைக்குள் வேறொரு வாயிலாகத் திரும்பி வந்தது. 1956-இல் சோவியத் ஒன்றியத்தில் ஏ. ஐ. சூதிகோவ் என்பவர், சுழலும் கம்பியை நிலையான கம்பியோடு அழுத்தி, உராய்வின் சூட்டாலேயே இரண்டையும் ஒன்றாக்கிக் காட்டினார். உராய்வுப் பற்றவைப்பு என்னும் அம்முறையில் உலை இல்லை, மணல் இல்லை, நிரப்புக் கம்பி இல்லை. ஒரு பாகம் நிமிடத்துக்கு ஆயிரம் சுற்று என்ற அளவில் சுழல்கிறது; மற்றது அதன் முகத்தில் அழுத்தப்படுகிறது. முதலில் உராய்வு ஆக்ஸைடுத் தோலைச் சுரண்டுகிறது. பிறகு தொடுமுகம் களிமண் போல் இளகுகிறது. சட்டெனச் சுழற்சியை நிறுத்தி, அழுத்தத்தை மேலும் கூட்டினால், எஞ்சிய ஆக்ஸைடும் அழுக்கும் இளகிய உலோகத்தோடு விளிம்பில் ஒரு வளையமாகப் பிதுங்கி வெளியேறுகின்றன. வளையத்தை லேத்தில் சீவிவிட்டால் வேலை முடிந்தது. பெரும்பாலும் எல்லாம் சில நொடிகளில்.

உலோகம் உருகாததால், உருக்கினால் ஒத்துப்போகாத இரண்டையும் இம்முறையில் சேர்க்கலாம். மோட்டார் எஞ்சினின் வெளியேற்று வால்வில் தலை செந்தணலைத் தாங்கும் எஃகு, தண்டு தேய்மானத்தைத் தாங்கும் வேறோர் எஃகு, இணைப்பு உராய்வால். எண்ணெய்க் கிணறு துளைக்கும் குழாய்களின் முனைகள், டர்போ சார்ஜரின் சக்கரமும் தண்டும், மின்சாரப் பணியில் செம்பும் அலுமினியமும் சேரும் முனைகள் என்று பட்டியல் நீளும். வார்ப்பிரும்பு மட்டும் எளிதில் இணங்காது. அதிலுள்ள கிராஃபைட் மசகு போல் வழுக்கிவிடும். 1991-இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் அருகிலுள்ள பற்றவைப்பு ஆய்வு நிறுவனம், சுழலும் முளை ஒன்றை இணைப்புக் கோட்டில் இறக்கிக் கடைந்தபடியே நகர்த்தும் முறையைக் கண்டது. அமெரிக்க விண்ணோடத்தின் அலுமினிய எரிபொருள் தொட்டி பின்னாளில் அவ்வாறு இணைக்கப்பட்டது.

இதைப் படித்துவிட்டு, உராய்வுப் பற்றவைப்பைக் குப்தர் காலத்திலேயே கண்டுபிடித்தோம் என்று யாரேனும் வாட்ஸ்அப்பில் அனுப்பக்கூடும். அப்படியன்று. சூதிகோவின் வழியில் தில்லித் தூண் குறுக்கிடவில்லை. இரு தரப்பும் எதிர்கொண்ட தடை ஒன்று, அதே ஆக்ஸைடுத் தோல். இரு தரப்பும் அதை உருகாத இரும்பின் நடுவிலிருந்து பிதுக்கியே வெளியேற்றினர். அந்தத் தடையை அழுத்தக் கருவியோ சுழற்சி அளவியோ இன்றி இருநூறு முறை வென்றவர்களுக்கு இல்லாத புகழைச் சூட்டத் தேவையில்லை. இருப்பதே போதிய அளவு பெரிது.

1997 முதல் தூணைச் சுற்றி வேலி இருக்கிறது. முதுகைச் சாய்த்துக் கைகளைப் பின்னால் கோத்தால் நினைத்தது நடக்கும் என்று மக்கள் அணைத்து அணைத்து ஒரு பகுதி பளபளத்துப் போனதே காரணம். வேலிக்கு வெளியே நின்று பார்ப்பவர் பெரும்பாலும் கல்வெட்டைத் தேடுவர். பார்வையைச் சற்றுத் தாழ்த்தினால் அடிப்பகுதி மேற்பகுதியைப் போல் இழைக்கப்படாமல் கரடாக இருப்பது தெரியும். முதலில் மண்ணுக்குள் புதைந்திருக்க வேண்டிய பகுதி என்பதால் அதை மெருகேற்றாமல் விட்டுவிட்டார்கள். சம்மட்டி விழுந்த தடங்கள் அங்கே அப்படியே இருக்கின்றன.