நாரெஞ்செஸ்தான்: வணிகர் மாளிகையும் வரலாறும்

ஈரானின் ஷீராஸ் நகரிலே கவாம் குடும்பத்தாரின் தோட்ட மாளிகை இன்று அருங்காட்சியகமாக விளங்குகின்றது. 1879க்கும் 1886க்கும் இடையிற் கட்டப்பெற்ற இம்மாளிகை, அங்கு நிறைந்துள்ள நாரத்தை இன மரங்களாலேயே ‘நாரெஞ்செஸ்தான்’ எனப் பெயர்பெற்றது. நாரெஞ்ச் என்னும் பாரசீகச் சொல் திராவிட மொழியொன்றிலிருந்து வடமொழி வழியாகச் சென்றது என்பது மொழியியலாளர் பலரின் கருத்தாகும்.

கவாம் குடும்பத்தார் ஆதியிற் கஸ்வீனிலிருந்து வந்த வணிகராவர். எனினும், இம்மாளிகையை வணிகத்தின் விளைவாக மாத்திரம் நோக்குதல் பொருந்தாது. இக்குடும்பத்தைச் சேர்ந்த ஹாஜி இப்ராஹிம், 1791இல் சந்து வம்ச மன்னன் லுத்ப் அலிகானுக்கு எதிராக ஷீராஸின் வாயில்களை அடைத்து, கஜார் வம்சத்தினரின் வெற்றிக்கு வழிவகுத்தார். அதன் பயனாக முதலமைச்சரான அவரே 1801இல் அரச ஆணையால் மரண தண்டனைக்குள்ளானார். உறவினர் பலரும் அழிக்கப்பட்டனர். எனினும், உயிர்தப்பிய மகன் அலி அக்பர் பின்னர் ‘கவாம் அல்-முல்க்’ என்னும் பட்டத்தைப் பெற்றார். 1861-62 காலப்பகுதியில், கஷ்காய் குடிகளின் வலிமைக்கு ஈடாக ஐந்து குடிகளை இணைத்து அமைக்கப்பட்ட கம்சே கூட்டமைப்பின் தலைமையும் இக்குடும்பத்தாருக்கே வழங்கப்பட்டது. வணிகம், நிருவாகம், படைபலம் ஆகிய மூன்றும் ஒரு குடும்பத்தினிடத்தே குவிந்த நிலையில் எழுந்ததே இம்மாளிகை.

கட்டடமும் இதற்குச் சான்று பகர்கின்றது. விருந்தினரையும் அலுவலரையும் வரவேற்ற ‘பிரூனி’ எனப்படும் வெளியகமாக இது அமைய, குடும்பத்தாரின் உள்ளகம் அயலிலுள்ள வேறொரு மனையில் இருந்தது. இரண்டையும் நிலக்கீழ் வழியொன்று இணைத்தது. முன்மண்டபம் முழுவதும் கண்ணாடிச் சில்லுகள் பதிக்கப்பட்டுள்ளன. மரக்கூரைகளில் ஐரோப்பியப் பாணி ஓவியங்களும், கற்சுவரின் அடிப்பகுதியில் பெர்செபோலிஸ் சிற்பங்களைப் பின்பற்றிய வீரர் உருவங்களும் காணப்படுகின்றன. பண்டைப் பேரரசின் பெருமையையும் ஐரோப்பிய நாகரிகத்தையும் ஒருங்கே தமதாக்கிக் காட்ட முனைந்த புதிய ஆளும் வர்க்கமொன்றின் மனப்பாங்கை இவை புலப்படுத்துகின்றன எனலாம்.

1979ஆம் ஆண்டுப் புரட்சிக்கு முந்திய ஆண்டுகளில், பஹ்லவிப் பல்கலைக்கழகத்தின் ஆசிய நிறுவனம் இங்கு இயங்கியது. அதிகாரத்தின் வரவேற்பு மண்டபம் ஆய்வுக்கூடமாகிப் பின்னர் பொதுமக்களின் காட்சியிடமாயிற்று. இம்மாற்றம் வரவேற்கத்தக்கதே. ஆயினும், கண்ணாடியின் ஒளியில் மயங்கி, அதனைப் பதித்த கைவினைஞரையும் அதற்கான செல்வத்தை ஈட்டித்தந்த உழவரையும் மறத்தலாகாது. அன்னார் பெயர்கள் சுவர்களில் இடம்பெறவில்லை. மாளிகையைப் பேணுதலோடு அமையாது, அதனைத் தாங்கிய சமூகத்தையும் ஆராயும்போதே அருங்காட்சியகத்தின் பயன் நிறைவுறும்.